கொம்பு முன்னால், சத்தம் பின்னால்

ஜூன் 12
டிக்டேஷன் நோட்டில் பத்துக்கு மூன்று, கீழே சிவப்பு மையில் 'கவனக்குறைவு'. என் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதும் எழுதுவதும் சிரமமாகிற கற்றல் குறைபாடு, என்று எழுதிக் கொடுத்த தாளை நானே போய்க் காட்டிவிட்டு வந்தேன், அப்புறமும் இந்தச் சொல். ராத்திரி அவன் தூங்கியபிறகு பிழைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 'தேன்' என்பதற்கு முதலில் த, அதன் வலப்பக்கம் இரட்டைக்கொம்பு, கடைசியில் ன். 'மேகம்', 'செடி' எல்லாமே இப்படித்தான்.

ஜூன் 13
அவனிடமே கேட்டேன். "முதல்ல 'த்', அப்புறம்தானேம்மா 'ஏ' வருது?" என்றான். உண்மைதான். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, சத்தம் பின்னால் வருகிறது, காதில் விழுந்த வரிசையிலேயே பிள்ளை எழுதியிருக்கிறான். இவனைத்தான் ஐம்பது தடவை இம்போசிஷன் எழுத வைத்தேன், மனசு ஆறவில்லை.

ஜூன் 20
தட்டில் ரவையைப் பரப்பி, சத்தமாகச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுகிறோம். கண், காது, கை மூன்றும் ஒன்றாக வேலை செய்யவேண்டும் என்பார் ஸ்பெஷல் எஜுகேட்டர். அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற டாக்டரும் கில்லிங்ஹாம் என்ற ஆசிரியரும் ஆங்கிலத்துக்காகத் தொடங்கிவைத்த வழி அது. தமிழுக்கென்று நான் சேர்த்தது அட்டைதான்: 'தே' முழுசாக ஒரே அட்டையில், கொம்பு சிவப்பு, த கறுப்பு. தினம் 15 நிமிஷம், அதற்குமேல் போனால் தோள் தொங்கிவிடுகிறது. 247 எழுத்தையும் ஒப்பிக்க வைப்பதை நிறுத்திவிட்டேன், இந்த வாரம் தே, மே, பே மட்டும்.

ஜூலை 2
'வௌவால்' என்பதை 'வெ-ள-வால்' என்று படித்துவிட்டு, நான் முகம் சுளிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிட்டான். ஔகாரக் குறியின் பின்பாதியும் ள-வும் அச்சில் ஒரே மாதிரிதானே இருக்கின்றன, அவன் கண்மேல் என்ன தப்பு? "நீ பார்த்தது சரிதான் கண்ணா, இங்க மட்டும் அது 'ள' இல்ல" என்றேன். பக்கத்திலேயே தலைகீழாக ஒரு வௌவால் வரைந்துகொண்டான்.

ஜூலை 9
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து வகுப்பாசிரியரிடம் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். இனி பிழைக்கு மார்க் குறைத்தாலும் சிவப்பு மையில் எழுதமாட்டேன் என்றார். இப்போதைக்கு அது போதும்.

ஜூலை 21
மெட்ரோவில் போனோம். ஒரு நிலையத்தில் ஜன்னலுக்கு நேராகப் பெயர்ப்பலகை. "தே... தேனாம்..." என்று விரலால் தொடையில் எழுதிக்கொண்டே படித்தான், அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. "பேட்டை" என்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். "அது படிக்கலம்மா, சும்மா சொன்னேன். வரும்போது இந்தப் பக்கமே உட்காரலாம்."