ஆல்வாவின் வயதுக் கணக்கு

ஜனவரி 15, திங்கள்
மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. தபாலில் ஒன்றும் இல்லை. ஊரில் அம்மாவிடம் இருக்கும் என் பையன் விஷயமாக அலுவலகத்திலிருந்து வர வேண்டிய கடிதம் இன்னும் வரவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்
இங்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தபால். இன்று வராது என்று தெரிந்தும் கதவருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஸ்வீடனின் அரசியல்வாதி ஆல்வா மிர்தாலைப் பற்றிப் படித்தேன். அம்மாவிடம் தொலைபேசியில் பெயரைச் சொன்னதும், எந்த ஊர் அல்வா, திருநெல்வேலியா என்று கேட்டார். மூன்று வாரத்தில் இன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஜனவரி 18, வியாழன்
தூக்கம் இல்லை. வயதுக் கணக்கு போட்டேன். 1902 இல் உப்சாலாவில் பிறந்தவர். 1949 இல் ஐ.நா.வின் சமூக நலப் பணிகளுக்குத் தலைமை ஏற்க நியூயார்க் போனபோது 47. கணவர் குன்னாருக்கு ஜெனீவாவில் வேலை. இவர் தனியாகப் போனார். டெல்லிக்கு ஸ்வீடனின் தூதராக வந்தபோது 53. நாடாளுமன்றத்தில் நுழைந்தபோது 60. அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியபோது 80.

எனக்கு 39. இந்த வரிசையைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஏராளமான காலம் இருப்பது போலத்தான் தெரிந்தது. பிறகு பக்கத்தில் பையனின் வயதை எழுதினேன். மூன்றரை.

ஜனவரி 20, சனி
ஸ்டாக்ஹோமின் குங்ஸ்ஹோல்மன் பகுதி வரை நடந்தேன். உருகிய பனி மறுபடி உறைந்து நடைபாதை கண்ணாடியாகக் கிடந்தது. இரண்டு முறை சுவரைப் பிடித்தேன். ஜான் எரிக்சன் தெரு, எண் 6. ஆல்வாவின் யோசனைக்குக் கட்டடக் கலைஞர் ஸ்வென் மார்கேலியுஸ் வரைந்த கூட்டுக் குடியிருப்பு, 1935. கீழே பொதுச் சமையலறை. அங்கிருந்து சாப்பாட்டை மேலே வீடுகளுக்கு அனுப்பச் சின்னச் சின்ன லிஃப்ட்கள். குழந்தைகள் காப்பகமும் அதே கட்டடத்தில். வேலைக்குப் போகிற பெண் அடுப்பையும் தொட்டிலையும் தலையில் சுமந்துகொண்டு போகக் கூடாது என்ற எண்ணம்.

மார்கேலியுஸ் அங்கே குடியிருந்தார். ஆல்வா இல்லை. அவர் குடும்பம் புறநகரான புரொம்மாவில் தனி வீட்டில். அதை வரைந்தவரும் மார்கேலியுஸ்தான். இதைப் படித்தபோது கோபம் வந்தது. அங்கே எதிர்ச்சாரியில் குளிரில் நின்றபோது வரவில்லை.

சாப்பாட்டு லிஃப்ட் எவ்வளவு அகலம் இருக்கும் என்றே யோசித்துக்கொண்டு திரும்பினேன். காலை மடக்கி உட்கார்ந்தால் ஒரு மூன்றரை வயது கொள்ளுமா.

ஜனவரி 23, செவ்வாய்
தபால் வந்தது. மின்கட்டண ரசீது.
பையன் பேசவில்லை. கேமராவில் காலைக் காட்டினான். கட்டைவிரலில் கட்டு. என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

ஜனவரி 24, புதன்
1929 இல் ஆல்வாவும் குன்னாரும் ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் அமெரிக்கா போனார்கள். மகன் யானுக்கு இரண்டு வயது. தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். 1941 இல் மறுபடியும்; போர்க்காலத்தில் மூன்று குழந்தைகளையும் ஸ்வீடனில் விட்டுவிட்டு, அமெரிக்காவில் இருந்த குன்னாரிடம் போனார்.

யான் வளர்ந்து எழுத்தாளர் ஆனார். தன் குழந்தைப் பருவத்தைப் பற்றி அவர் எழுதிய கசப்பான நூல் 1982 இல் வந்தது. அம்மாவுக்கு நோபல் கிடைத்ததும் அதே ஆண்டுதான்.

1929 இல் குன்னாரும்தானே கூடப் போனார்? 1974 இல் அவருக்கும் நோபல் கிடைத்தது, பொருளாதாரத்தில். குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அவரிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? சரி, நான் இங்கே யாருக்காக வழக்காடுகிறேன் என்பது எனக்கே தெரிகிறது. கட்டைவிரலை அம்மாவிடம் இன்று கேட்டேன். வாசல்படியில் இடித்துக்கொண்டானாம். எப்போது என்றதற்குப் பதில் இல்லை.

ஜனவரி 26, வெள்ளி
இன்று நல்ல நாள். ஜெனீவாவைப் பற்றி மட்டும் படித்தேன்.

1962 இல் பதினெட்டு நாடுகளின் ஆயுதக் குறைப்புக் குழு கூடியது. ஸ்வீடனுக்காக ஆல்வா. 1973 வரை அந்த வேலை. நிலத்தடி அணுவெடிப்புச் சோதனையை நேரில் சரிபார்க்க ஆண்டுக்கு ஏழு முறை வேண்டும் என்றது அமெரிக்கா. இரண்டு மூன்றுக்கு மேல் முடியாது என்றது சோவியத். காய்கறிச் சந்தை பேரம்! கடைசியில் 1963 ஒப்பந்தம் காற்றிலும் நீரிலும் விண்வெளியிலும் சோதனையைத் தடுத்தது. மண்ணுக்கு அடியில் தாராளமாக நடந்தது. ஆல்வா பிடித்துக்கொண்டது நிலநடுக்கமானியை. பூமி அதிர்வதை யார் வேண்டுமானாலும் கேட்கலாமே, குண்டு இல்லாத நாடுகளும் தங்கள் பதிவுகளைப் பகிர்ந்துகொள்ளட்டுமே என்றார். அவரது ஸ்வீடனே சொந்தக் குண்டு செய்யலாமா என்று நெடுநாள் யோசித்த நாடு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு நடுவே 1969 இலிருந்து திருச்சபை விவகார அமைச்சரும் அவரே. குண்டும் கோயிலும் ஒரே மேசையில்.

ஜனவரி 28, ஞாயிறு
நல்ல நாள் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. 1934 இல் ஆல்வாவும் குன்னாரும் சேர்ந்து மக்கள்தொகை பற்றி எழுதிய புத்தகம்: குழந்தைகளுக்கு உதவி, தாய்மாருக்கு வேலை, வீட்டு வசதி எல்லாம் கேட்ட அதே புத்தகம் ‘தகுதியற்றவர்கள்’ பிள்ளை பெறாமல் தடுக்கும் கருத்தடை அறுவையையும் ஆதரித்தது. அந்த ஆண்டே சட்டம் வந்தது. அது நீடித்த நாற்பது ஆண்டுகளில் 60,000 பேருக்கு மேல் அறுவை, பெரும்பாலும் பெண்கள்.
யார் பிள்ளை பெறலாம், யார் பிள்ளையோடு இருக்கலாம் என்று கோப்பில் எழுதுகிறார்கள்.
மூடி வைத்துவிட்டேன்.

ஜனவரி 31, புதன்
ஆல்வாவின் பிறந்த நாள். தபாலில் விளம்பரத் தாள் மட்டும்.
டெல்லியில் இருந்தபடியே ரங்கூனுக்கும் கொழும்புக்கும் அவர்தான் தூதர். நேருவுடன் நல்ல நட்பு. அந்த ஆறு ஆண்டுகளில் பிள்ளைகள் பெரியவர்கள். யாரையும் எங்கும் விட்டுவிட வேண்டியிருக்கவில்லை. இந்த வரியை ஏன் எழுதினேன்.

பிப்ரவரி 1, வியாழன்
1986 இல், 84 முடிந்த மறுநாள் இறந்தார்.
பையன் இன்று இரண்டு சொல் பேசினான். ‘கால் வலிக்கவில்லை.’

பிப்ரவரி 2, வெள்ளி
விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டேன். 11.40 க்குக் கதவுத் துளையில் சத்தம். அந்த அலுவலகத்தின் முத்திரைதான். மெல்லிய உறை. மெல்லியது நல்லதா என்று தெரியவில்லை. உறை அடுப்பு மேடையில் இருக்கிறது. முதலில் அரிசியைக் களைந்து வைக்கிறேன்.