கூரையைப் பிரிக்கும் முன் வாங்கிய வரிச் சலுகை

பூட்டிக் கிடந்த பழைய கிடங்கு ஒன்றை வாங்கி, அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்கூடமாக மாற்றினோம், நானும் அக்காவும். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட கட்டடத்தைப் புதுப்பித்துத் தொழில் தொடங்கினால் 10 ஆண்டுகளுக்குச் சொத்து வரிச் சலுகை உண்டு என்பது முன்பே தெரியும். வேலை முடிந்தபின் விண்ணப்பித்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

விவரம் கேட்க அலுவலகத்துக்குப் போனபோது, அங்கிருந்த அதிகாரி அம்மா கேட்ட முதல் கேள்வி, “வேலையை ஆரம்பிச்சாச்சா?”

“திங்கட்கிழமை கூரையைப் பிரிக்கிறோம்.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “பிரிச்சுடாதீங்க” என்றார்.

சலுகை கிடைத்தால்தான் இந்த முதலீடு நடக்கும் என்று நாம் காட்ட வேண்டும். ஒப்புதலுக்கு முன்பே கடப்பாரையைத் தூக்கிவிட்டால், சலுகை இல்லாமலும் செய்யத் துணிந்தவர்கள் என்றாகிவிடும். நியாயமான கேள்விதான். நமக்கு விட்டுக்கொடுக்கும் வரி, பள்ளிக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணம். அன்றே மேஸ்திரியை நிறுத்தச் சொன்னோம். ஒழுகும் கூரை, வெடித்த தரை, துருப்பிடித்த ஷட்டர் என்று ஒவ்வொன்றையும் தேதியோடு படமெடுத்து விண்ணப்பத்தில் சேர்த்தோம்.

அடுத்தது கணக்கு. சலுகை என்றால் வரியே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய மதிப்புக்கான வரி தொடரும்; கூடிய மதிப்புக்குத்தான் குறைப்பு. கட்டடத்தின் மதிப்பு 100-லிருந்து 250 ஆனால், சலுகை அந்த 150-க்கு மட்டும். எங்களுடையது முதல் ஆண்டு முழுச் சலுகை, பிறகு ஆண்டுக்கு 10 சதவீதம் குறையும். ஐந்தாம் ஆண்டில் 60 சதவீதம்தான் மிஞ்சும். அதாவது 160-க்கு வரி கட்ட வேண்டும். கடன் தவணையைத் திட்டமிடும்போது இந்த ஏற்றத்தையும் சேர்த்தே போட்டுப் பாருங்கள். முதல் ஆண்டு வரியை வைத்துக் கணக்குப் போட்டால் பின்னால் திணறுவீர்கள்.

எத்தனை பேருக்கு வேலை தருவோம் என்றும் எழுதித் தர வேண்டியிருந்தது. நான் 12 என்று எழுதினேன். அக்கா அதை அடித்து 8 ஆக்கினாள். ஆண்டுதோறும் சம்பளப் பட்டியலோடு அறிக்கை தர வேண்டும், எண்ணிக்கை குறைந்தால் அதுவரை விட்டுக்கொடுத்த வரியையும் திரும்பக் கேட்கலாம் என்ற பிரிவை அவள்தான் படித்திருந்தாள். முதல் ஆண்டு முடிவில் எங்களிடம் இருந்தவர்கள் 9 பேர்.

ஒப்புதல் கடிதம் வர 11 வாரம் ஆனது. மறுநாள் காலையிலேயே கூரையைப் பிரித்தோம்.