மூக்கு மட்டும் பளபளக்கும் பன்றி

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை இன்று சிட்னி மெக்குவாரி தெருவுக்குக் கூட்டிப் போனேன். சிட்னி மருத்துவமனை வாசலில் ஒரு வெண்கலக் காட்டுப்பன்றி உட்கார்ந்திருக்கும். பெயர் இல் போர்செலினோ. இத்தாலிய மொழியில் பன்றிக்குட்டி என்று அர்த்தம். இந்த உடம்புக்குக் குட்டியாம்!

உடம்பெல்லாம் கறுத்துக் கிடக்க, மூக்கு மட்டும் தங்கம்போல மின்னுகிறது. காசு போட்டுவிட்டு மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் என்பது நம்பிக்கை. விழுகிற காசு மருத்துவமனைக்குப் போகிறது.

இதை 1968-ல் அன்பளிப்பாகக் கொடுத்தவர் கிளாரிசா டொரிஜியானி. அவருடைய அப்பா தாமஸ் ஃபியாஸ்கி, சகோதரர் பியெரோ, இருவருமே இங்கே அறுவை மருத்துவர்கள். அவர்கள் நினைவாக வைத்தது.

மூலச் சிலை ஃபிளாரன்ஸ் நகரச் சந்தையில் இருந்தது, 17-ம் நூற்றாண்டில் பியெத்ரோ தக்கா வார்த்தது. அதுவுமே ஒரு பழைய பளிங்குப் பன்றியைப் பார்த்துச் செய்ததுதான். ஆக, நகலுக்கு நகல்.

"பன்றிக்கு உண்டியலா?" என்று முதலில் முகம் சுளித்தார் அம்மா. கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வராக மூர்த்தின்னு நெனச்சுக்கறேன், ரெண்டு டாலர் குடு" என்று கையை நீட்டினார்.

மூக்கையும் தடவினார். இரண்டு தடவை.