நைனாவின் செருப்பு வார்

எங்கள் நைனா காசிமேட்டில் விசைப்படகு இஞ்சின் மெக்கானிக். சர்க்கரைப் புண் முற்றிப்போய், இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் டிசைன் வேலை பார்க்கிறவன், வால்வு வரைவதுதான் பிழைப்பு. செயற்கைக் கால் என்று பேச்சு வந்ததும் வீட்டில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

காசு கொடுத்து முதல் கால் வாங்கினோம். வாங்கின இடத்தில், இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஷூ மாட்டி நடந்தபோது ரொம்ப நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினதும் ஆரம்பித்தது வம்பு. "யாரோ பின்னால இருந்து இழுக்கறா மாதிரி கீதுடா" என்றார். அப்போ ஷூவோடவே வீட்டுக்குள்ளும் இருங்களேன் என்று நான் சொல்ல, "சாமி படத்தாண்ட ஷூ போட்னா போவேன்?" என்று ஒரு முறை முறைத்தார்.

எனக்கு அப்போது தோன்றியதெல்லாம் எடையைக் குறைக்க வேண்டும், கார்பன் ஃபைபரில் வரைய வேண்டும் என்பதுதான். ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைந்தேன், இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்புறம்தான் ஸ்கேலை எடுத்து ஷூவை அளந்தேன். பாதத்தின் முன்பகுதியைவிடக் குதிகால் பக்கம் 10 மில்லிமீட்டர் உயரம். அந்தச் செயற்கைக் கால் இந்த உயரத்துக்குத்தான் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஷூவைக் கழற்றினால் குதிகால் கீழே இறங்கும், கால் மூன்று டிகிரி பின்னால் சாயும், முழங்கால் கிட்டே போனால் அதுவே ஓர் அங்குலம். தட்டையான தரையில் நிற்கிறவருக்கு மேடேறுகிற மாதிரி இருந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். அந்தக் கால் பரணுக்குப் போனது.

அடுத்து ஒரு முகாமில் ஜெய்ப்பூர் கால் கிடைத்தது. 1968 வாக்கில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கிற, சம்மணம் போட்டு உட்காருகிற, குந்தி எழுகிற, சேற்றில் இறங்குகிற ஆட்களை மனசில் வைத்துச் செய்தது. பாதம் வல்கனைஸ் செய்த ரப்பர், மேலே கால் பகுதிக்கு தண்ணீர்க் குழாய் செய்கிற அதே எச்டிபிஇ பிளாஸ்டிக் பைப்பைச் சூடாக்கி அச்சில் இழுத்து மாட்டுகிறார்கள். டிசைன் படித்த எனக்கு, இவர்கள் முதலில் அளந்தது காலின் அளவையே இல்லை, அந்த ஆள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார் என்பதை என்று தோன்றியது. மீன் தண்ணி, ஐஸ் தண்ணி எல்லாவற்றிலும் நைனா அதோடு இறங்கினார்.

சரி, முடிந்தது என்று நினைத்தால், மிச்சம் இருக்கிற வலது கால். அதில் உணர்ச்சி குறைந்துவிட்டது, முள் குத்தினாலும் தெரியாது. அதனால் டாக்டர், எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். (உணர்ச்சி இல்லாத பாதத்தில் புண் ஏன் வருகிறது என்பதைத் தொழுநோயாளிகளிடம் வருஷக்கணக்கில் பார்த்துப் புரியவைத்தவர் பால் பிராண்ட், நம்ம வேலூர் சிஎம்சியில் இருந்தவர்.) அந்தச் செருப்பு 15 மில்லி கனம். ஒரு காலில் மட்டும் போட்டால் இடுப்பு கோணும், முதுகு வலிக்கும். இரண்டிலும் போட்டால், ரப்பர் விரல்களால் செருப்பைக் கவ்விப் பிடிக்க முடியாது, நாலு அடியில் கழன்று விழும். ஒரு தடவை ஏலக் கூடத்தில் கழன்ற செருப்பு அடுத்தவர் மீன் கூடைக்குள் போய் விழுந்து, அதுக்கு ஒரு சண்டை.

பின்னால் ஒரு வார் வைக்கலாம் என்று வெல்க்ரோ தைத்துக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் மணலும் மீன் செதிலும் ஏறி, ஒட்டவே மறுத்தது. ராயபுரத்தில் செருப்பு தைக்கிற அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பழைய லாரி டியூபில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, குதிகாலைச் சுற்றி வருகிற மாதிரி இரண்டு பக்கமும் தைத்துக் கொடுத்தார். இழுத்தால் நீளும், விட்டால் பிடிக்கும், தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. அறுபது ரூபாய். என் கார்பன் ஃபைபர் கால் இன்னும் லேப்டாப்பில்தான் இருக்கிறது.

எட்டு மாசமாக அந்த வார்தான். டியூபின் கறுப்பு, ரப்பர் பாதத்தின் குதிகாலில் கோடாக ஒட்டுகிறது, அது ஒன்றுதான் குறை. நைனா அதை டீசல் நனைத்த பனியன் வேஸ்ட்டால் அழுத்தித் துடைக்கிறார், நாற்பது வருஷமாக எல்லாவற்றையும் அப்படித்தான் துடைத்திருக்கிறார். டீசல் பட்டால் ரப்பர் ஊதிப்போகும், சோப்புத் தண்ணி போதும் என்று தினமும் சொல்கிறேன். "இஞ்சினுக்கு ஆவுது, காலுக்கு ஆவாதா?" என்கிறார்.