விறாந்தைக்கு ஒன்று, மணவறைக்கு ஒன்று

யாழ்ப்பாணத்தில் 17 வருடங்களாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். எல்லாம் புல் பிரேம் கமராவில்தான், அதாவது பழைய 35 மிமீ பிலிம் அளவுக்குச் சென்சர் (ஒளியைப் பதியும் தகடு) உள்ள கமராவில். போன வருடம் கொழும்பிலிருந்து அதைவிடப் பெரிய சென்சர் உள்ள பியூஜிபிலிம் ஜிஎப்எக்ஸ் 100எஸ் கமரா ஒன்றை வாடகைக்கு எடுத்து, கோண்டாவிலில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அலங்காரம் முடிந்ததும் மணமகளை விறாந்தையில் இருத்தி, 110 மிமீ எப் 2 லென்ஸால் எடுத்தேன் (எப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் கூட வெளிச்சம் விடும்). வடக்குப் பார்த்த விறாந்தை. வெயில் நேரே விழாது. முற்றத்து மணலில் பட்டுத் தெறித்த வெளிச்சம் மெதுவாக முகத்துக்கு ஏறியது. கணினியில் பெருப்பித்துப் பார்த்தபோது கூறையின் சரிகை மினுங்கிய இடத்திலும் இழை இருந்தது, கொண்டை நிழலுக்குள்ளும் மயிர் பிரிந்து தெரிந்தது. கனநேரம் அந்த ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புல் பிரேம் சென்சர் 36×24 மிமீ. ஜிஎப்எக்ஸின் சென்சர் 43.8×32.9. பரப்பளவில் ஏறத்தாழ 1.7 மடங்கு. ஆனால் அல்பத்துக்காக 4:3 வடிவில் வெட்டினால் புல் பிரேமில் 32×24தான் மிஞ்சும். அப்போது வித்தியாசம் இரண்டு மடங்கை நெருங்கிவிடும். குடும்பப் படம் எடுப்பவருக்கு இது பெரிய விஷயம்.

பெரிய சென்சர் என்றால் பின்னணி தானாகவே கூட மங்கும் என்று நானும் நம்பியிருந்தேன். அது சரியில்லை. அந்த 110 எப் 2, புல் பிரேமில் 87 மிமீ எப் 1.6 போலத்தான். என் பையில் கிடக்கும் 85 எப் 1.4 அதைவிடக் கொஞ்சம் கூடவே மங்க வைக்கும். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில், சென்சரின் பருமன் தரும் லாபத்தையும் எப் 1.4க்கும் எப் 2க்கும் இடையிலான ஒரு ஸ்டொப், அதாவது பாதி வெளிச்சம், விழுங்கிவிடும்.

கெட்டிமேளம் முழங்கியபோது அவசரத்தில் கையில் இருந்த ஜிஎப்எக்ஸையே தூக்கினேன். போக்கஸை முன்பே ஓரிடத்தில் பூட்டி வைத்திருந்தேன். மணமகன் தாலியோடு குனிய, மணமகள் தலையைச் சாய்க்க, கூர்மை மாலைப் பூவில் போய் நின்றது. முகம் கலங்கிவிட்டது. 102 மெகாபிக்சலில் அந்தப் பிழையை ஒளிக்க முடியாது. பக்கத்தில் நின்ற என் உதவியாளத் தம்பி புல் பிரேமில் 35 மிமீ லென்ஸால் எடுத்த படம்தான் அல்பத்துக்குப் போனது.

விறாந்தைப் படத்தை 36 அங்குல நீளத்துக்குப் பிரிண்ட் போட்டேன். படத்தின் நீளப் பக்கத்தில் 11,648 பிக்சல். அங்குலத்துக்கு 300 வைத்தாலும் மிச்சம் இருந்தது. மணமகளின் அம்மம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்ட வந்து, கரையில் விரலை வைத்தார். "தம்பி, இந்தப் புட்டாவை எண்ணலாம் போல கிடக்கு" என்றார். எண்ணவும் தொடங்கினார்.

வருகிற தையில் அதே வீட்டில் இளைய பேத்தியின் கல்யாணம். ஜிஎப்எக்ஸுக்கு ஒரு நாள் வாடகை சொல்லி வைத்திருக்கிறேன். விறாந்தைப் படங்கள் முடிந்ததும் அது பைக்குள் போய்விடும்.