கையெழுத்துப் போடுவியா அம்மா?

சபையின் இளைஞர்களுக்கு விசுவாசத்துக்கான ஆதாரங்களைப் பற்றி மூன்று வகுப்பு எடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன். எழுதி வைத்த குறிப்புகளை மகளிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: “அம்மா, இதே ஆதாரத்தோட ஒரு கணக்கு உன்கிட்ட ஆடிட்டுக்கு வந்தா கையெழுத்துப் போடுவியா?”

இருபத்தாறு வருடமாக ஆடிட்டராக இருக்கிறேன். ஜெபிப்பது அதற்கும் முன்னாலிருந்து. இரண்டையும் ஒரே மேசையில் நான் வைத்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குறிப்புகளைத் திரும்ப எடுத்தேன், இந்தமுறை சிவப்புப் பேனாவோடு.

முதலில் அடிபட்டவர் அன்செல்ம். 11ஆம் நூற்றாண்டுத் துறவி. இதைவிடப் பெரியதை நினைக்கவே முடியாது என்கிற ஒன்று மனதில் மட்டும் இருந்தால், நிஜத்திலும் இருக்கிற ஒன்று அதைவிடப் பெரியதாகிவிடும். ஆகவே அது நிஜத்தில் இருந்தே ஆகவேண்டும் என்றார். அழகான வாதம்தான். ஆனால் லெட்ஜரில் எழுதிவிட்டதால் குடோனில் சரக்கு வந்துவிடாது. கௌனிலோ என்ற இன்னொரு துறவி அன்றைக்கே இதைச் சொல்லிவிட்டார்: இதே கணக்கில் குறையே இல்லாத ஒரு தீவும் கடலில் எங்கோ இருந்தாக வேண்டுமே! அவரும் விசுவாசிதான் என்பது எனக்கு ஆறுதல்.

அடுத்தது, ‘கலாம்’ என்று இஸ்லாமிய இறையியலின் பெயரால் அழைக்கப்படும் வாதம். தொடக்கம் உள்ள எதற்கும் காரணம் உண்டு, அண்டத்துக்குத் தொடக்கம் உண்டு, ஆகவே அதற்கும் காரணம் உண்டு. நம் மேடைகளில் இதை நம்முடைய சொத்துபோலப் பேசுகிறோம். 1111இல் மறைந்த அல்-கஸ்ஸாலி போன்ற இஸ்லாமிய அறிஞர்களிடமிருந்து வந்தது. கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் வில்லியம் லேன் கிரெய்க் 1979இல் புத்தகமாக எழுதிப் புதுப்பித்தார். பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட லெமாய்த்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்த அறிவியலைப் படைப்போடு சேர்த்துப் பேசியபோது லெமாய்த்ருக்கு அது பிடிக்கவில்லை. இயற்பியலை விசுவாசத்துக்குச் சாட்சியாக நிறுத்தக் கூடாது என்பது அவர் நிலை. எங்கள் குறிப்புகளில் அவர் பெயர் உண்டு, இந்த விஷயம் மட்டும் இல்லை. சேர்த்துக்கொண்டேன்.

ஒரு காரணம் இருக்கிறது என்பதுவரை நான் டிக் அடிப்பேன். ஆனால் அந்தக் காரணத்தின் மேல் பெயர் எழுதியிருக்கவில்லை. அதனிடம் யாராவது முழங்கால் போடுவார்களா? 1654 நவம்பர் 23ஆம் தேதி இரவு பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் ஒரு தாளில் எழுதினார்: ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன், தத்துவ ஞானிகளுடைய தேவன் அல்ல. அதைக் கோட்டின் உள்துணியில் தைத்து வைத்திருந்தார். இறந்த பிறகுதான் கண்டெடுத்தார்கள்.

பெயர் வேண்டுமென்றால் சரித்திரத்துக்குத்தான் வரவேண்டும். இங்கேதான் எனக்குக் கை பழகியிருக்கிறது.

கி.பி. 93 வாக்கில் யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் எழுதிய நூலின் 18ஆம் பாகத்தில் இயேசுவைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. ‘அவரே கிறிஸ்து’ என்கிறது. கடைசிவரை யூதராகவே இருந்த ஒருவர் எழுதுகிற வாக்கியமா அது? பின்னால் பிரதி எடுத்த யாரோ ஒரு கிறிஸ்தவரின் கைவேலை அதில் இருக்கிறது என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். நம் பழைய ஏடுகளில் இடைச்செருகல் என்போமே, அதேதான். அதே நூலின் 20ஆம் பாகத்தில், யாக்கோபு என்பவர் கல்லெறியப்பட்டதைச் சொல்லும்போது ‘கிறிஸ்து எனப்படுகிற இயேசுவின் சகோதரர்’ என்று போகிற போக்கில் ஒரு வரி. புகழ்ச்சியும் இல்லை, பிரசங்கமும் இல்லை. எந்த யாக்கோபு என்று அடையாளம் சொல்ல மட்டும் எழுதியது. எனக்கு அந்த ஒரு வரி போதும். மினுக்கின கணக்கைப் பார்த்தாலே எங்களுக்குக் கை அரிக்கும். யாரையும் கவர நினைக்காமல் எழுதின பதிவில்தான் மனம் நிற்கும்.

உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டவர்கள் என்று பவுல் தருகிற பட்டியலும் அப்படித்தான். 1 கொரிந்தியர் 15. சிலுவை மரணத்துக்குச் சுமார் இருபத்தைந்து வருடத்துக்குள் எழுதிய கடிதம். அதிலும் ‘நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும்’ என்கிறார். ஆக, செய்தி கடிதத்தைவிடப் பழையது. பேதுருவோடு பதினைந்து நாள் தங்கினதையும் யாக்கோபைக் கண்டதையும் கலாத்தியரில் சொல்கிறார். சாட்சிகளை நேரில் பார்த்தவர். இதுவரை சரி. ஆனால் ‘ஐந்நூறு பேருக்கு அதிகமான சகோதரருக்கு’ என்கிறாரே, அதற்குப் பெயரும் இல்லை, இடமும் இல்லை, நாளும் இல்லை. வவுச்சர் இல்லாத மொத்தத் தொகை. அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அவர் சேர்ப்பதை மதிக்கிறேன். இருந்தாலும் எதிரே ஒரு சுழி போட்டேன்.

வெறும் கல்லறையை முதலில் கண்டது பெண்கள் என்று நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. பெண்களின் சாட்சியை ஏற்கக் கூடாது என்று அதே ஜோசிஃபஸ் எழுதிய காலம் அது. ஜோடித்திருந்தால் பேதுருவை அல்லவா முன்னால் நிறுத்தியிருப்பார்கள்? வழக்கமாக இந்த இடத்தில் வகுப்பில் எல்லோரும் தலையசைப்பார்கள். நானும் அசைத்தவள்தான். இந்தமுறை இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து டாலி பண்ணினேன்: பவுலின் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. ஏன் விட்டார்கள், யார் விட்டார்கள்? இத்தனை வருடம் எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

சீஷர்கள் மரித்த இயேசுவை உயிரோடு கண்டதாக மனதார நம்பினார்கள், அதுவரை காகிதம் இருக்கிறது. உயிர்த்தெழுந்தார் என்பதற்குப் போக, கடவுள் என்று ஒருவர் இருக்கக்கூடும் என்ற இடம் முதலில் வேண்டும். அதை மூடிவிட்டால் வேறு எந்த விளக்கமும் இதைவிட மேல் என்றுதான் தோன்றும். பெயரில்லாத அந்த முதல் காரணத்துக்கு இங்கேதான் வேலை வருகிறது. இது புரிந்த பிறகு வகுப்புகளின் வரிசையை நான் மாற்றவில்லை.

மகளிடம் சொன்னேன்: “போடுவேன். ஆனா குறிப்பு எழுதித்தான்.”

“குறிப்பு எத்தனை பக்கம்?”

“இப்போதைக்கு ரெண்டு.”

வாங்கிப் படித்தாள். இயேசு பிறந்தபோது நடந்ததாக லூக்கா சொல்கிற, சீரியாவின் தேசாதிபதி சிரேனியுவின் குடிமதிப்பு எங்கே என்று கேட்டாள். இயேசு பிறந்தபோது ஆண்டதாகச் சொல்லப்படும் ஏரோது இறந்தது கி.மு. 4 வாக்கில், நமக்குத் தெரிந்த அந்தக் குடிமதிப்பு கி.பி. 6. மூன்றாவது பக்கம் தொடங்கியிருக்கிறேன்.