அப்கிரேடை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் தொடங்கினேன்

சித்திரைத் திருவிழாவில் எடுத்த வீடியோக்களை எடிட் செய்ய உட்கார்ந்தால், ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) பாதி ஓடும்போதே கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி ஆன் ஆகும். நான்காம் தலைமுறை ஐ5 ப்ராசஸர். அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. எப்படியும் மாற்ற வேண்டியதுதான். ஆனாலும் பழையது ஏன் அணைகிறது என்று தெரியாமல் புதுசுக்குக் காசு போட மனசு வரவில்லை.

மல்டிமீட்டரை எடுத்து, வீட்டுக் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய குறைந்த வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நாலு பின் கனெக்டரில் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவே வைத்தேன். 12 வோல்ட் வர வேண்டிய இடம் அது. சும்மா இருக்கும்போது 11.9 காட்டியது. ரெண்டர் தொடங்கியதும் 11.2-க்கு இறங்கிவிட்டது. 5 சதவீதம் கூடலாம், குறையலாம், 11.4-க்குக் கீழே போகவே கூடாது. கழற்றி லேபிளைப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 450 வாட்ஸ். கீழே பொடி எழுத்தில், 12 வோல்ட் லைனுக்கு 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட்ஸ்தான். ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது பெரிய எழுத்தை விட்டுவிட்டு இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள், தரம் அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

மீதிப் பாதி உள்ளே இருக்கும் கெபாசிட்டரில். மின்சாரத்தைத் தேக்கிச் சீராகத் தரும் பாகம் அது. 85 டிகிரி சூடு வரை தாங்கும் வகையும் உண்டு, 105 டிகிரி வரை தாங்கும் வகையும் உண்டு. சூடு 10 டிகிரி ஏற ஏற அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மே மாதம் மதுரையில் வெளியிலேயே 40 டிகிரி; மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் என் அறையில் கேபினெட்டுக்குள் எவ்வளவு கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் ஊருக்கு 105 டிகிரிதான் சரி.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் கேட்டபோது, "கேபினெட்டோடயே சேர்ந்து வருதுண்ணே, எதுக்குத் தனியா?" என்றார் அந்தத் தம்பி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (Bronze) சான்று உள்ள 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ். வாங்கினேன். 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், ஐந்து வருட வாரண்டி. சீரியல் நம்பரை பில்லில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

மற்றவற்றில் அதிகம் யோசிக்கவில்லை. ரைசன் 5 5600ஜி, ப்ராசஸருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதிக்கு ஹீட்சிங்க் உள்ள பி550 போர்டு. ராம் ஒரே 16 ஜிபியாக வேண்டாம், இரண்டு 8 ஜிபி. இந்த ப்ராசஸரின் கிராபிக்ஸ் தனி மெமரி இல்லாமல் ராமைத்தான் பயன்படுத்துகிறது, அதனால் இரண்டு ராமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் டூயல் சேனலில் வேகம் நன்றாகவே கூடும். எஸ்.எஸ்.டி. பி.சி.ஐ.இ. மூன்றாம் தலைமுறை (ஜென் 3) என்விஎம்இ. 5600ஜி ஜென் 3-க்கு மேல் தராது, ஜென் 4-க்குக் கூடுதல் காசு கொடுத்தாலும் இதில் பயன் இல்லை.

எல்லாம் மாட்டி ஆன் செய்து கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்றது. எர்த் சரியில்லாத வீட்டில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபில்டர் கெபாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம் தகர உடம்பில் நிற்கும். சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 வர வேண்டும். எனக்கு 140 வந்தது. எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து எர்த் குழியைத் தோண்டினார். வயர் பைப்பில் சேரும் இடம் பச்சை பூத்து உதிர்ந்து கிடந்தது. நறுக்கிவிட்டுப் புது கிளாம்ப் போட்டு, உப்பும் கரியும் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். இப்போது 228. சுர்ரென்பது சுத்தமாக நின்றது. நல்ல பாகம் வாங்குகிறவர்கள் இதற்கும் கொஞ்சம் காசு எடுத்து வையுங்கள்.

இப்போது முழு ரெண்டரில் 12 வோல்ட் லைன் 12.05-ஐ விட்டு அசையவில்லை, ஒரு முறைகூட அணையவில்லை. வீடு ஒத்தக்கடையில் ரோட்டோரம், தூசி அதிகம். முன் ஃபேனுக்கு வலை போட்டிருக்கிறேன். அடுத்தது யூ.பி.எஸ். கரண்ட் போகும் நொடியில் பழைய யூ.பி.எஸ். தரும் சதுர அலை மின்சாரத்தை இந்தப் புது எஸ்.எம்.பி.எஸ். ஏற்கிறதா என்று லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். ஏற்காவிட்டால், வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலை தரும் சைன் வேவ் யூ.பி.எஸ். வாங்கிய பிறகுதான் கிராபிக்ஸ் கார்டு.